பத்து முடிச்சு

மதியம் இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. ராஜபாளையத்துத் தறிக்கூடத்தில் பன்னிரண்டு தறிகளும் ஒருசேர ஓய்ந்தபோது, நூர்பானு தறியின் முன்கட்டையில் வயிற்றைச் சாய்த்தபடி நின்றிருந்தாள். ஒன்பதாம் மாதம். இடுப்பில் செருகியிருந்த கழிவு நூலில் ஏழு முடிச்சு விழுந்திருந்தது.

எண்ணச் சொன்னது ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி நர்ஸ் ஜெயபாய். "சோறு தின்னுட்டு இடது பக்கமா ஒருக்களிச்சுப் படு. புள்ள அசையுறத எண்ணு. பத்து வரணும். வரலைன்னா அன்னைக்கே ஓடியா." ஏற்கெனவே இரண்டு தங்காமல் போனவளுக்கு அது மறக்குமா? படுக்கத்தான் நேரமில்லை. பேண்டேஜ் துணி ஓடுகிற தறி யாருக்காகவும் நிற்காது. நின்றபடியே எண்ணினாள். துடிப்புக்கு ஒரு முடிச்சு. மூன்று நாளாக, சாப்பிட்டுத் தறிக்கு வந்த கொஞ்ச நேரத்திலேயே பத்தும் விழுந்துவிடும். வந்துவிட்டதே என்ற நிம்மதியில் வீட்டில் படுத்ததும் தூங்கிப்போவாள். பக்கத்துத் தறி வெள்ளத்தாய் சிரிப்பாள்: "ஏட்டி, உம்புள்ள உள்ளயே தறி ஓட்டுதா? பொறக்கும்போது தறி நாடாவும் கையுமாத்தான் வரும் பாரு."

தறி நின்றது. வயிறும் நின்றுவிட்டது.

செத்த நேரம் பொறுத்துப் பார்த்தாள். ஒரு கையை வயிற்றிலும் இன்னொன்றைக் கட்டையிலும் வைத்தாள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன.

"யக்கா," என்றாள். "நான் எண்ணுனது கட்டையோட அதிர்வத்தான்."

வெள்ளத்தாய் இம்முறை சிரிக்கவில்லை; நூர்பானுவின் புருஷன் காதருக்கு ஆளனுப்பினாள்.

காதர் பஸ் ஸ்டாண்டில் ஒரு கலர் சோடா வாங்கி உடைத்துக் கொடுத்தான். "குடி பானு. இனிப்பு உள்ள போனா முழிச்சிக்கிடும். தூங்குது அம்புட்டுதான்." பாட்டில் காலியாகும்வரை அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினார்கள்.

ஜெயபாய் குழலை வயிற்றில் ஊன்றிக் காதை வைத்தாள். இடம் மாற்றி மாற்றி வைத்தாள். ஓரிடத்தில் குனிந்தபடியே நின்றாள். உதடுகள் எண்ணின.

"கேக்குதாக்கா?"

ஜெயபாய் அவள் மணிக்கட்டைப் பிடித்து, மறுபடி காதை வைத்தாள். திரைக்கு வெளியே காதரின் செருப்பு அங்கும் இங்கும் நடந்தது.

"புள்ளைக்கு நெஞ்சு நிமிஷத்துக்கு நூத்தி நாப்பது ஓடணும், தாயி." ஜெயபாயின் விரல்கள் மணிக்கட்டை விடவில்லை. "எனக்குக் கேக்குறதும் உன் கையில அடிக்குறதும் ஒன்னாப் போகுது. இது உன்னோடது."

நாற்பது நாள் கழிந்து வேலைக்கு வந்தாள். வெள்ளத்தாய் அவள் தறியைத் துடைத்து வைத்திருந்தாள். மோட்டார் கிளம்பியது. அறுந்த இழையை எட்டிப் பிடிக்கக் குனிந்தபோது முன்கட்டை வயிற்றில் பட்டது. ஒட்டிப்போன வயிற்றுக்குள் ஏதோ அசைந்தது. அவள் விலகவில்லை. கை தானாக இடுப்புக்குப் போய் நூலைத் தேடியது.