விற்பவரிடம் கேளுங்கள்

நான் பல் செய்கிறவள். வைத்தியர் இல்லை. வைத்தியர் வாயைத் திறக்கச் சொல்லி அச்செடுத்து அனுப்புவார், அந்த அச்சைப் பார்த்துப் பல் செட் செய்து கொடுப்பது எங்கள் லேப். இருபத்திரண்டு வருடமாக அதே மூன்றாம் மாடி, அதே ஜன்னலோர நாற்காலி. நான் செய்த பல்லை வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் மென்றுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருக்கிறார்கள். ஒருவர் முகமும் எனக்குத் தெரியாது.

மதிய இடைவேளையில் மற்றவர்கள் போனில் சீரியல் பார்ப்பார்கள். நான் ஏலம் பார்ப்பேன். பழைய எலக்ட்ரிக் கிட்டார் விற்கிற பக்கம். பக்கத்து மேசையில் பல்லுக்கு மெருகு போடுகிறவரை லேப்பில் எல்லோரும் பாலிஷ் என்றுதான் கூப்பிடுவோம். நாற்பது வயது ஆள், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், வாய் மட்டும் சும்மா இருக்காது.

“ஏன்க்கா, வாங்கவும் மாட்டீங்க, வாசிக்கவும் மாட்டீங்க. துணிக்கடை கண்ணாடியைப் பார்த்துட்டு வர்ற மாதிரி தினம் பார்த்துட்டு வர்றீங்களே.”

“பார்த்தா காசா கேக்கறான்? உன் வேலையைப் பாரு.”

கிட்டாரில் எந்தக் கம்பிக்கு என்ன சத்தம் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. நான் தேடியது என் தம்பியை. அவனைத் தேட எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

அவன் கிட்டார் வாசிக்கிறவன். கல்யாண மண்டபம், ஹோட்டல் மாடி என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவான். காசு வந்தால் வரும், வராவிட்டால் அதையும் சிரித்துக்கொண்டே சொல்வான். எனக்கு அந்தச் சிரிப்பைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த வாரம் வெளியூரில் ஒரு கச்சேரி என்று கிளம்பி நின்றான். ஒத்துக்கொண்டாயிற்று, போகாவிட்டால் இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்றான். எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். “போ. ஆனா அந்தக் கட்டையை வித்துட்டுத்தான் இந்த வீட்டுக்குள்ள காலை வைக்கணும்” என்றேன். அம்மா கட்டிலில் இருந்து, “சும்மா இருடி” என்றாள். நான் சும்மா இருக்கவில்லை. அவன் போனான். அதற்குப் பிறகு பதினாலு வருடம்.

முதல் வருடம் இரண்டு முறை போன் செய்தான். இரண்டு முறையும் நான்தான் எடுத்தேன். இரண்டு முறையும், “வித்தாச்சா?” என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கு அதுவும் கிடையாது.

அந்தக் கிட்டாரில் ஓர் அடையாளம் உண்டு. சத்தத்தை மாற்றுகிற சின்ன ஸ்விட்ச் ஒன்று அதில் இருக்கும். அதன் நுனியில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் மூடி ஒருநாள் எங்கோ விழுந்துவிட்டது. மாலையில் கச்சேரி, கடை பூட்டியிருந்தது, லேப்புக்கு ஓடி வந்தான். நிறம் சரியில்லை என்று வைத்தியர் திருப்பி அனுப்பிய ஒரு கோரைப்பல் என் மேசையில் கிடந்தது. அடியில் துளை போட்டு, பிசின் விட்டு, ஸ்விட்சில் ஒட்டிக் கொடுத்தேன். “இனிமே என் கிட்டார் கடிக்கும்க்கா” என்றான். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும் முன்பே பக்கத்தைத் திறந்தேன். சிவப்பு கிட்டார், ஆறு படம். நான்காவது படத்தில் ஸ்விட்ச். விரலால் இழுத்துப் பெரிதாக்கினேன். என் பல். மேல் வரிசை, வலது பக்கம். நான் செய்ததை நான் தெரிந்துகொள்ள மாட்டேனா. எதிரில் வைத்திருந்த தண்ணீர் டம்ளர் கை பட்டுக் கவிழ்ந்து அச்சுகள் மேலெல்லாம் கொட்டியது, அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

பாலிஷ்தான் எனக்குக் கணக்குத் திறந்து கொடுத்து விதிகளைச் சொன்னார். ஏழு நாள் ஏலம், அடுத்த செவ்வாய் மாலை நான்கு மணிக்கு முடியும். யார் பெயரும் வெளியே தெரியாது, எண் மட்டும்தான். நான் ஏலதாரர் 4. கீழே 'விற்பவரிடம் கேளுங்கள்' என்று ஒரு பெட்டி. அதில் எழுதினால் எல்லோரும் படிக்கலாம், ஆனால் விற்பவர் மட்டுமே பதில் போட முடியும். போன் எண், முகவரி, பொருளுக்குச் சம்பந்தமில்லாத பேச்சு எதைப் போட்டாலும் அழிந்துவிடும்.

முதல் கேள்வியாக, இது உங்களுக்கு யாரிடமிருந்து வந்தது என்று கேட்டேன். 'ஒரு வாத்தியக் கடையை மூடும்போது ஆறு வருடம் முன்பு வாங்கினேன். அதற்கு முன் யாருடையது என்று தெரியாது. நல்ல நிலையில் உள்ளது' என்று பதில் வந்தது.

அப்படியானால் விற்றுவிட்டான். ஆறு வருடத்துக்கும் முன்பே விற்றுவிட்டான். விற்றவன் ஏன் வீட்டுக்குள் வரவில்லை? அன்று முழுவதும் இந்த ஒரு கேள்விதான். அவன் போன பிறகு பழைய வீடு இடிந்து நாங்கள் வேறு வீட்டுக்குப் போனது உண்மை. ஆனால் லேப் எங்கேயும் போகவில்லை. வர நினைத்தால் கண்ணைக் கட்டிவிட்டாலும் இந்த மூன்று மாடி ஏறி வருவானே.

அவன் கை பட்டது ஒன்றாவது வீட்டில் இருக்கட்டும் என்று ஏலம் கேட்டேன். மறுநாள் ஏலதாரர் 7 என்று ஒருவர் எனக்கு மேல் கேட்டார். நான் கூட்டினேன். அவரும் கூட்டினார். ஏட்டிக்குப் போட்டியாக வியாழன் வரை போனது.

“யாருக்கா இந்த ஏழு? விடாக்கண்டனா இருக்கான்” என்றார் பாலிஷ்.

“எவனா இருந்தா எனக்கென்ன. நான் கொடாக்கண்டி.”

வெள்ளிக்கிழமை பெட்டியில் ஏழாம் எண்ணிடமிருந்து ஒரு கேள்வி. 'ஸ்விட்ச் நுனியில் இருப்பது பல்தானே? மேல் வலது கோரைப்பல்?'

விற்பவர் எழுதியிருந்தார்: 'பல்லா? வெள்ளை பிளாஸ்டிக் என்று நினைத்தேன். நன்றாக வேலை செய்கிறது.'

உலகத்தில் அது பல் என்று தெரிந்தவர்கள் மூன்று பேர். அம்மா இப்போது இல்லை. நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். போனைப் பாலிஷிடம் நீட்டி, தம்பி கதையைச் சொன்னேன். என் தம்பி உயிரோடு இருக்கிறான். எங்கேயோ ஒரு நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்க்கிற அதே படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். மூன்று நாளாக அவனோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

'டேய், நீயா?' என்று எழுதினேன். ஒரு நிமிடத்தில் அழிந்துவிட்டது. பொருளைப் பற்றி மட்டும் கேட்கவும் என்று எச்சரிக்கை.

“அப்ப பொருளைப் பத்தியே கேளுங்கக்கா. அவருக்குப் புரியற மாதிரி கேளுங்க” என்றார் பாலிஷ்.

யோசித்து எழுதினேன்: 'தோளில் மாட்டும் பட்டை குடைத் துணியில் கையால் தைத்ததா?' கிழிந்த கறுப்புக் குடையை வெட்டி அம்மா தைத்துக் கொடுத்தது அது. கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு நாள் தைத்தாள்.

'ஆமாம், இரட்டைத் தையல். கெட்டியாக இருக்கிறது' என்றார் விற்பவர்.

சனிக்கிழமை முழுக்கப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஏழாம் எண்காரன் எழுதினான்: 'அதைத் தைத்தவர் நன்றாக இருக்கிறாரா?'

'எனக்கு எப்படித் தெரியும்?' என்று விற்பவர்.

அவனுக்குத் தெரியாது. அம்மா போனது தெரியாமலே அவன் இத்தனை காலம் இருந்திருக்கிறான். இதை ஓர் அந்நியனுடைய கிட்டாருக்குக் கீழே நான் எப்படி எழுதுவது? மெதுவாகச் சொல்லியிருக்கலாம். ஒரு நாள் பொறுத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மா ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் கழுத்தைத் திருப்பியது கண் முன்னால் வந்துவிட்டது. கை தானாக எழுதியது:

'பட்டையைத் தைத்தவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. கடைசிப் பதினொரு நாளும் வாசலைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். அப்போது வராதவர்களுக்கு இப்போது பட்டை எதற்கு?'

பட்டை என்ற சொல் இருந்ததாலோ என்னவோ, அது அழியவில்லை. விற்பவர் பதில் போட்டார்: 'இது ஏலமா பஞ்சாயத்தா?'

ஞாயிறு ஒன்றும் வரவில்லை. திங்கள் ஒன்றும் வரவில்லை. ஏழாம் எண்ணின் தொகை மட்டும் மேலே நின்றது. நான் செய்தது எனக்குப் புரிந்துவிட்டது. வாசலுக்கு வந்தவனை இன்னொரு தடவை துரத்தியிருக்கிறேன். அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்தது அவனால் மட்டுமா? போனை இரண்டு தடவை வைத்தது யார்? சமாதானமாக எதையாவது எழுதலாம் என்று எத்தனையோ தடவை பெட்டியைத் திறந்தேன். சமாதானமாக எழுதி எனக்குப் பழக்கமில்லை. 'மூடியோடு உறை உண்டா', 'கம்பி துரு பிடித்ததா' என்று அடித்து அடித்து நானே அழித்தேன்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். இனி ஏலம் கூட்டுவதில்லை. அது அவனுடையது, அவனே எடுத்துக்கொள்ளட்டும். நான் விலகியதைப் பார்த்தால் அவனுக்குப் புரியும். அக்கா வாயால் சொல்ல மாட்டாள், இப்படித்தான் சொல்வாள் என்று சின்ன வயதிலிருந்து தெரிந்தவன் ஆயிற்றே.

செவ்வாய் மூன்றரை மணிக்கு வேலையை ஓரமாக வைத்துவிட்டேன். பாலிஷ் தன் மெஷினை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். மேலே ஏழு. மூன்று ஐம்பத்தைந்துக்கு ஏலதாரர் 11 என்று புதிதாக ஒருவர் நுழைந்து அவனுக்கு மேல் கொஞ்சம் கூட்டிக் கேட்டார்.

“யாருக்கா இது, ரெண்டு பேருக்கும் நடுவுல?”

“இரு, அவன் கூட்டுவான்.”

மூன்று ஐம்பத்தேழு. அவன் கூட்டவில்லை. கையில் காசில்லையோ என்று நினைத்தேன். இல்லை, புதனும் வியாழனும் ஒவ்வொரு தடவையும் இதைவிடப் பெரிதாகத் தாண்டிக் கேட்டவன் அவன்.

“நீங்களாவது போடுங்கக்கா. போயிடப் போவுது.”

“அவன் கடைசி நிமிஷத்துல கேப்பான். எல்லாத்துக்கும் கடைசி நிமிஷத்துலதான் ஓடுவான்.”

மூன்று ஐம்பத்தெட்டு. என் கட்டைவிரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. நான் கேட்டுவிட்டால் மறுபடி அவனிடமிருந்து பிடுங்கியது போல ஆகும். நான் கேட்காமலே இருந்தேன். நான்கு மணிக்குத் திரை ஒரு தரம் வெள்ளையாகித் திரும்பி வந்தது. ஏலதாரர் 11 வென்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் கூட்டுவான் என்று நான் உட்கார்ந்திருந்தேன். அக்கா கூட்டுவாள் என்று அவன் உட்கார்ந்திருந்திருக்கிறான். அவனுக்கு வேண்டியதும் கிட்டார் இல்லை. பதினாலு வருடம் ஒரே இடத்தில் தேடியிருக்கிறோம், கடைசியில் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து யாரோ ஒரு மூன்றாம் மனிதருக்குக் கொடுத்துவிட்டோம். என் அம்மா பெற்ற இரண்டில் ஒன்றுக்காவது வாய் திறந்து பேசத் தெரிந்திருக்க வேண்டும்.

“அக்கா, கீழே பாருங்க.”

பெட்டியில் ஒரு புதுக் கேள்வி இருந்தது. ஏலதாரர் 7. நேரம் மூன்று ஐம்பத்தொன்பது.

'பல்லை ஒட்டியவருக்கு இன்னும் கோபமா? தெரிந்தால் நேரில் போவேன்.'

“பதில் எழுதுங்கக்கா. சீக்கிரம்.”

“நான் எப்படிடா எழுதறது?” என்றேன். யாரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. விரலால் பெட்டியைக் குத்தினேன். அது சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது. ஏலம் முடிந்துவிட்டது, கேள்விகள் ஏற்கப்படாது. மறுபடி குத்தினேன். இல்லைடா, கோபம் இல்லைடா, எப்போதோ போய்விட்டதுடா என்று வாய்விட்டே சொன்னேன். மெழுகு அடுப்பண்டை இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் போட உரிமையுள்ளவர் ஒருவர்தான். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் போட்டார்.

'அது எனக்குத் தெரியாது. பொருள் விற்றுவிட்டது.'

என் தம்பி கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதில் அதுதான். எங்கேயோ உட்கார்ந்து அவன் அதைப் படித்திருப்பான்.