கல் திருப்பிச் சுமக்குமா?

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு பத்திரிகைக்காரர். "உங்க சியரா லியோன் மாக்கல் பொம்மையை வச்சு மர்மமா ஒண்ணு எழுதுங்க" என்றார். எழுதினேன்:

இருண்ட கானகத்தின் நடுவே, யுகயுகமான மௌனத்தோடு, அந்தக் கல்...

(கானகமாவது மண்ணாங்கட்டியாவது. எங்கள் மெண்டே ஊர்களில் நோமொலி என்கிற இந்த மாக்கல் பொம்மை வயலில்தான் கிடைக்கும், மண்வெட்டியில் இடறி. ஒரு முழம்கூட இருக்காது. முட்டைக்கண், அகன்ற மூக்கு, அப்படியே எங்கள் தலைமையாசிரியர் ஜாடை.)

2

வாண்டி முழுச் சோம்பேறி. வயலில் ஒரு நோமொலியைக் கீற்றுப் பந்தலின்கீழ் உட்கார்த்தி வைத்திருந்தான். கல்லுக்குச் சோறு வைத்து விளாரால் நாலு சாத்து சாத்தினால், அக்கம்பக்கத்து நெல்லை அது கொண்டுவந்து சேர்க்கும். சேர்க்காவிட்டால் இன்னும் நாலு. இதுதான் வழக்கம்.

அடுத்த வயல் யேமாவுடையது. புருஷன் இல்லை, மூன்று பிள்ளைகள். சந்தை நாளன்று அவள் அறுத்துக் கட்டி வைத்த கதிர்க்கட்டுகள் மொத்தமும் காணாமல் போயின. தேடிப் போனால் வாண்டி வீட்டுப் பரணில் கிடந்தன, அவள் போட்ட நீலத்துணி முடிச்சோடு.

"நான் என்ன பண்றது தங்கச்சி? கல்லு தூக்கிட்டு வந்துடுச்சு."

"முடிச்சைக்கூட அவுக்காமலா?"

"கெட்டிக்காரக் கல்லு."

ஊரும் தலையாட்டியது. கல்லின்மேல் யார் வழக்குப் போடுவது?

(யேமாவின் கண்களில் நீர் பெருக்கெடுத்து... இல்லை. அவள் அழவில்லை. மழைக்காலத்தில் பிள்ளைகளுக்கு எதைப் பொங்கிப் போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.)

3

மூன்றாம் நாள் காலை ஊர்த் தலைவர் முன்னால் கல்லைக் கொண்டுவரச் செய்தாள்.

"கல்லுதான் எடுத்துச்சு தலைவரே, நானும் ஒத்துக்கிறேன். அம்புட்டையும் சுமந்து வந்த கல்லு, திருப்பிச் சுமக்காதா? அண்ணன் அடிக்கட்டும். நாம உக்காந்து பாப்போம்."

"பகல்ல அதுக்குக் கூச்சம்" என்றான் வாண்டி.

"பட்டப்பகல்லதானே தூக்குச்சு. அன்னிக்கு எங்க போச்சு கூச்சம்?"

யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்காமல் வாண்டியிடம் விளாரை நீட்டினார்.

(யேமா கல்லை நம்பாதவள் என்று பூரித்துப்போகும் படித்த வாசகரே, பொறுங்கள். கல்லை அவள் முழுசாக நம்புகிறாள். வாண்டியைத்தான் நம்பவில்லை. வாண்டியும் கல்லை நம்புகிறவன்தான். செய்யாத களவுக்கு அடிபட்ட நோமொலி, அடித்த கையைச் சும்மா விடாது. அவன் விளாரை வாங்கத் தயங்குவது அதனால்தான்.)

4

முடிவு ஒன்று: அடிக்கிறான். கல் அசையவில்லை. "இன்னிக்கு அதுக்கு அசதி" என்கிறான். ஊர் கலைகிறது.

முடிவு இரண்டு: விளாரைப் போட்டுவிட்டு அழுகிறான். (யார், வாண்டியா? அப்பன் சாவுக்கே அழாதவன்.)

முடிவு மூன்று: நடந்ததைப் பார்த்த ஒருவன் எழுந்து...

சரி. பத்திரிகைக்காரர் என்று யாரும் இல்லை, அது பொய். வாண்டி என் மனைவியின் அண்ணன். சந்தை நாளன்று காய்ச்சலில் கிடந்த நான், அவன் கட்டுகளைச் சுமந்து போனதை ஜன்னலில் பார்த்தேன். பள்ளிக்கூட வாத்தியார் நான், பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொல்லித் தருகிறவன். மறுநாள் அவன் வீட்டில் மரவள்ளிக்கீரைக் குழம்பு ஊற்றி யேமா நெல்லின் சோற்றைத் தின்றேன். நல்ல அரிசி.

வாண்டி விளாரை ஓங்கிவிட்டு, கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்க்கிறான். கல்லுக்குப் பக்கத்தில் யேமா வெறுங்கூடையோடு நிற்கிறாள். மூன்றாவது முடிவு பாதியில் கிடக்கிறது. எழுந்தவன் என்ன சொன்னான் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்து அங்கே யாரும் எழவில்லை.