வலது காது

தலையை இரண்டு கைகளாலும் தூக்கியபோது, பிறந்த குழந்தையைத் தாங்குவதுபோலத் தன் விரல்கள் தாமாகவே விரிந்ததை அவள் கவனித்தாள். மருத்துவக் கல்லூரியின் உடற்கூறு காட்சிக்கூடத்தில் ஜாடிகளைப் பராமரிப்பது அவள் வேலை. ஃபார்மலின் கலங்கினால் உள்ளிருப்பதை எடுத்துக் கழுவி, புதுத் திரவம் ஊற்றி, மூடியை மெழுகால் அடைக்க வேண்டும். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நடுங்காத கை அவளுடையது. இந்த ஒரு ஜாடியை மட்டும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தள்ளிப்போட்டு வந்தாள்.

அதில் இருந்தது போர்வைக்காரனின் தலை. விடுதி நடத்தி, தங்க வந்தவர்களைத் தூக்கத்தில் போர்வையால் அமுக்கிக் கொன்றவன். தூக்கிலிட்ட பிறகு, கொலைகாரனின் மண்டையில் என்ன வித்தியாசம் என்று பார்க்க அந்தக் காலத்து டாக்டர்கள் தலையை வாங்கிக்கொண்டார்களாம். ஒரு வித்தியாசமும் இல்லை என்று தெரிந்த பிறகும் திருப்பிக் கொடுக்கவில்லை. கேட்டு யாரும் வரவுமில்லை.

வீட்டில் கணவனுக்கு இது பெரிய கேலி. “உன் பெரியவர் சௌக்கியமா? சளி கிளி பிடிச்சிடப்போகுது, எந்நேரமும் தண்ணியிலயே கிடக்கார்” என்பான். அவள் சிரிப்பாள். மாமியார் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவார். பயந்த சுபாவம் என்று நினைத்திருந்தாள்.

ஜாடியில் எப்போதும் இடப்பக்கம்தான் தெரியும். வலப்பக்கம் சுவரைப் பார்த்திருக்கும். குழாயடியில் மெல்லத் திருப்பினாள். வலது காதுக்கு முன்னால், ஊசி குத்தினாற்போல் இரண்டு துளைகள், ஒன்றின் கீழ் ஒன்று.

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த இரண்டு துளைகளையும் அவள் முத்தமிட்டிருக்கிறாள். கல்யாணமான புதிதில் கணவனின் காதில். பிறகு மகளின் காதில். ஒற்றைத் துளை பிறவியிலேயே எத்தனையோ பேருக்கு உண்டு. இரட்டையும் இருக்கலாம், இருக்கக் கூடாதா என்ன? திரவம் ஊற்றும்போது பாதி தரையில் சிந்தியது.

வீட்டுக்கு வந்து மறுபடி மறுபடி சோப்புப் போட்டுக் கை கழுவினாள். ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்ட மகளைத் தூக்கப் பயமாக இருந்தது. கை நாற்றத்தாலா, வேறெதனாலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. குழந்தையைக் கூடத்தில் விளையாட விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

“அத்தை, பாப்பா காதுல ரெண்டு ஓட்டை இருக்கே, அது யாரு வழி?”

“என் வழிதான்.” மாமியார் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. “எனக்கில்ல. எங்கப்பாவுக்கு.”

“அவரு என்ன பண்ணிட்டிருந்தாரு?”

“லாட்ஜ் வெச்சிருந்தாரு. எங்களைத் தட்டித் தூங்கவெச்சுட்டுத்தான் அங்க போவாரு.”

அவள் கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்த மகளை எட்டிப் பார்த்தாள்.

“உன்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப, எந்தக் காலேஜ்ல வேலைன்னு உங்கம்மா சொன்னாங்க. அப்பவே எந்திரிச்சு வந்துடலாம்னு பாத்தேன். இவனுக்கு உன்னை ரொம்பப் புடிச்சுப்போச்சு.”

“அவருக்குத் தெரியுமா?”

“தெரியாதும்மா. தெரிஞ்சா இவன் தன் பொண்ணையே வேற கண்ணால பாப்பான். நீ இப்ப பாக்கறியே, அந்த மாதிரி.”

மாமியார் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டார். குரல் இறங்கிப்போனது.

“கண்ணு மூடியிருக்கா?”

ஒரு கண் பாதி திறந்திருந்தது. கழுவும்போது இமையை இழுத்துவிட்டுப் பார்த்திருந்தாள், மூடி நிற்கவில்லை.

“மூடித்தான் இருக்கு, அத்தை.”

வாசலில் செருப்பை உதறும் சத்தம். மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றான் கணவன். “என்ன, பெரியவரைக் குளிப்பாட்டியாச்சா? மூஞ்சியெல்லாம் வெளுத்திருக்கு. பேசினாரா என்ன?”

மாமியார் அவசரமாக அடுப்பைப் பற்றவைத்தார். பாத்திரம் எதுவும் வைக்கவில்லை. அவன் பதிலுக்காகச் சிரித்தபடி நின்றான். வெறும் பர்னரில் நீலச் சுவாலை வட்டமாக எரிந்துகொண்டிருக்க, இரண்டு பெண்களும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.