புளியங்கொட்டை வைத்த பக்கம்

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பின் உலைப்பட்டறையில் சம்மட்டி அடித்தே மருதைக்கு நெஞ்சு கெட்டுவிட்டது. இன்னொரு கோடையை நெருப்பருகே தாங்க மாட்டான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். தப்பிக்க ஒரே வழி, சாமான் கிடங்கில் வேலை. அதற்கு வருஷத்துக்கு ஒரு பரீட்சை. துரை தரும் இங்கிலீஷ் பக்கத்தை வாசித்து அர்த்தம் சொல்ல வேண்டும்.

துரை எந்த வருஷமும் ரூல்ஸ் புஸ்தகத்தின் ஏழாம் பக்கத்தைத்தான் தருவார். இந்த ரகசியம் பட்டறைக்கே தெரியும். ஆகவே எழுத்துப் பழகிய கையோடு எல்லோரும் ஏழாம் பக்கத்தைக் கரைத்துக் குடித்தார்கள். கூட்டாளி அழகிரிக்கு அது தண்ணீர் பட்ட பாடு. மருதையும் குவார்ட்டர்ஸ் வாசலில் உட்கார்ந்து தினமும் ஒப்பித்தான்.

பெண்டாட்டி வள்ளிக்கண்ணு பக்கத்தில் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எந்த மொழியிலும் ஓர் எழுத்து தெரியாது. ஆனால் கண் மட்டும் பொல்லாத கண்.

"ஏங்க, நீங்க படிக்கல. வாய் ஓடுது, கண்ணு ஒரே இடத்துல நிக்குது."

"உனக்கென்னடி தெரியும்?"

அவள் புஸ்தகத்தை அவன் மடியில் படுக்க வைத்தாள். எழுத்தெல்லாம் மறையும்படி பக்கத்தின்மேல் புளியங்கொட்டைகளைப் பரப்பி, நடுவில் ஒன்றை மட்டும் தூக்கினாள். "இது என்னங்க?"

மருதை விழித்தான். அந்த ஒரு வார்த்தையைப் பிடிக்க முதல் வரியிலிருந்து ஓடி வர வேண்டியிருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்ன, புஸ்தகத்தை உதறினான். கொட்டைகள் தெருவெல்லாம் சிதறின. அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வந்து மறுபடியும் வைத்தாள். அந்தப் பொறுமையை எந்தக் கடையில் வாங்கினாளோ!

அன்றிலிருந்து அவள் கொட்டையைத் தூக்கத் தூக்க அவன் எழுத்துக் கூட்டினான். ஏழாம் பக்கம் தாண்டி எட்டு, ஒன்பது, பழைய டிக்கெட், தீப்பெட்டி என்று எது கிடைத்தாலும் கூட்டினான். அர்த்தத்தைக் குமாஸ்தா அற்புதசாமியிடம் கேட்டு வந்தான். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை தேறினாலே பெரிசு.

பரீட்சையன்று வந்த துரை புதியவர். தாளும் புதிது. முதலில் போன அழகிரி அதை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, பழைய ஏழாம் பக்கத்தை மூச்சு விடாமல் முழங்கினான். துரை கதவைக் காட்டினார்.

அடுத்து மருதை போனான். கட்டைவிரலால் வரியை மூடி, ஒவ்வொரு வார்த்தையாகத் திறந்தான். கூட்டினான், நின்றான், இருமினான், மறுபடி கூட்டினான். இரண்டு வார்த்தைகளைக் காட்டி, "தெரியலைங்க துரை" என்றான். மிச்சத்துக்குத் தமிழில் அர்த்தம் சொன்னான். மழை நாளில் எண்ணெய்ப் பீப்பாயை வெளியே போடக் கூடாதாம். அற்புதசாமி அதைத் துரைக்கு இங்கிலீஷில் சொன்னார்.

"விரலால மூடிப் படிக்க யார் சொல்லிக் குடுத்ததுன்னு துரை கேக்கறாரு."

"என் சம்சாரங்க."

"படிச்சவங்களா?"

"இல்லைங்க" என்றான் மருதை.

சாயந்தரம் கிடங்கு வேலைச் சீட்டோடு வீட்டுக்கு வந்தான். வள்ளிக்கண்ணு அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு பாயில் விரித்துவைத்து, மடியிலிருந்த புளியங்கொட்டைகளை அவன் கையில் கொட்டினாள்.

"இப்ப நீங்க வைங்க" என்றாள். "நான் படிக்கிறேன்."