வெயிலில் வந்த குடைகள்

வானத்தில் மேகத்தின் பொட்டுகூட இல்லை. ஆகஸ்ட் மாதத்து வெயில் காலை ஆறு மணிக்கே சுள்ளென்று அடித்தது. அந்த வெயிலில் பிள்ளைகள் ஆளுக்கொரு மழைக்குடையைத் தூக்கிக்கொண்டு பூங்காவுக்குப் போவதை இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்த தெத்சுரோவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

கோடை விடுமுறை வந்தால் அந்தத் துறைமுக ஊரில் பிள்ளைகளுக்குத் தூக்கம் கிடையாது. காலையில் பூங்காவில் ரேடியோ பயிற்சி. பியானோ வாசிக்க வாசிக்க, கையைத் தூக்கு, இடுப்பை வளை, குதி என்று ரேடியோ சொல்லும். சொன்னபடி செய்து முடித்தால் அட்டையில் ஒரு முத்திரை விழும். இதில் குடைக்கு என்ன வேலை?

விடை மாலையில் வந்தது, ஒரு முலாம்பழத்தோடு. கொண்டுவந்தவர் பேட்டைச் சங்கத் தலைவர் மொரிவாகி; ஊர் மரியாதையாக மொரிவாகி-சான் என்று கூப்பிடும். ஊரில் யாராவது காரணமில்லாமல் பழத்தோடு படியேறினால், ஏதோ குறை சொல்ல வந்திருக்கிறார் என்று அர்த்தம். அவர் வெயிலைப் பற்றிப் பேசினார். சிள்வண்டுகளின் சத்தத்தைப் பற்றிப் பேசினார். தேநீர் ஆறிப்போன பிறகுதான் மெல்ல இழுத்தார்.

"உங்க கொஹரு ரொம்ப சுறுசுறுப்பு. அவளைப் பாத்து மத்த பசங்களும்... ரொம்ப சுறுசுறுப்பா ஆயிட்டாங்க."

தெத்சுரோவின் மனைவி நாட்சுகோ குனிந்து வணங்கினாள். "தொந்தரவு பண்றாளா?"

"சேச்சே! தொந்தரவெல்லாம் இல்ல. ரேடியோ ஒண்ணு சொல்லுது, பசங்க ஒண்ணு செய்யறாங்க, அவ்வளவுதான். குடை மட்டும் வேணாமே, யார் கண்ணையாவது குத்திடும். நாளைக்குக் கடைசி நாள் வேற. பெத்தவங்க எல்லாம் வருவாங்க. எல்லார் முன்னாடியும் பெட்டி மேல நின்னு செஞ்சு காட்டற முறை கொஹருவுக்கு..."

இவ்வளவையும் அவர் பழத்தைப் பார்த்தே சொன்னார். தெத்சுரோவின் விளங்காத இடது கை இருந்த பக்கம் தவறிக்கூடக் கண்ணைத் திருப்பவில்லை. ஊரே அப்படித்தான். மரியாதை என்ற பெயரில் கண்டும் காணாமல் இருந்துவிடும்.

அவர் போனதும் தெத்சுரோ மகளைக் கூப்பிட்டான். "எங்க, பயிற்சி செஞ்சு காட்டு பாப்போம்."

ஐந்து வயதுக் கொஹரு கூடத்தின் நடுவே நின்றாள். வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்து, வலையில் சிக்கிய மீனை இழுப்பதுபோல் தலைக்கு மேல் தூக்கினாள். இடுப்பை ஒரு பக்கம் மட்டும் வளைத்தாள். குதிக்கிற இடம் வந்ததும் ஓடிப்போய்க் குடையை எடுத்துவந்து, குதிக்காமல், தரையில் டக் டக்கென்று தட்டினாள்.

தெத்சுரோவுக்கு உடம்பு கூசியது. அவனையே அப்படியே உரித்து வைத்திருந்தாள். மூன்று வருடத்துக்கு முன் கப்பல் கட்டும் தளத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தபோது அவன் தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. இடது கை விழுந்தது, இடது கால் இழுத்தது. அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தவிர அவன் வாசலைத் தாண்டவில்லை. காலையில் வீட்டுக்குள் ரேடியோவை வைத்து, வலது கையால் இடதைத் தூக்கி, குதிக்க முடியாத இடத்தில் தடியைத் தட்டி ஒப்பேற்றுவான். மகள் பக்கத்தில் நின்று பார்த்தே கற்றிருக்கிறாள். அவளுக்கு நினைவு தெரிந்த அப்பா இந்த அப்பாதான்.

"அது தப்பு, கண்ணு. ரெண்டு கையும் தானா மேல போகணும்."

"நீ இப்படித்தான செய்யற?"

"அப்பாவுக்குக் கை வரல, அதனால. உனக்குத்தான் நல்லா இருக்கே."

"உனக்கும் நல்லாத்தான் இருக்கு. இந்தக் கை தூங்குமூஞ்சி. அந்தக் கை எழுப்பி விடும்." கொஹருவுக்கு அப்பாவின் மந்தபுத்தியை நினைத்து அலுப்பாக இருந்தது. "என் ஃப்ரெண்டு யூமாவோட கை நல்லா முழிச்சுக்கிட்டே இருக்கு, பாவம். நான்தான் அவனுக்குத் தூங்க வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். எல்லாருக்கும் இதான் புடிச்சிருக்கு."

அவள் தூங்கப் போனபின் தெத்சுரோ மனைவியிடம் சொன்னான். "நாளைக்கு அவள அனுப்பாத. என் ஊனத்தப் புள்ளைக்கும் ஒட்ட வச்சுட்டேன். ஊர் முன்னாடி பெட்டி மேல ஏறி நின்னு என்னைய மாதிரி செஞ்சா, எல்லாரும் சிரிப்பாங்க."

நாட்சுகோ பழத்தை வெட்டுவதை நிறுத்தினாள். "அவ வெக்கப்படல. பசங்க வெக்கப்படல. அப்ப யாரு வெக்கப்படறா இங்க?"

அவனுக்குச் சுருக்கென்றது. எழுந்து படுக்கப் போய்விட்டான்.

விடிந்ததும் அவன் படுக்கையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தான். அம்மாவும் மகளும் குடையில்லாமல் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்குக் கீழே தெருவே அதிரும்படி ஒரு குரல்.

"அப்பா! குடை வேணாம்னு மொரிவாகி தாத்தா சொல்லிட்டாரு! தடி வேணாம்னு சொல்லல! உன் தடியக் கொண்டு வா!"

எட்டிப் பார்த்தான். கொஹரு இடுப்பில் கைவைத்து நின்றாள். பின்னால் அரை டஜன் வாண்டுகள். "சீக்கிரம் மாமா! பாட்டு போட்ருவாங்க! டக் டக் இல்லாம எப்படிக் குதிக்கறது?" என்று கத்தினான் யூமா.

அவர்கள் அவனுடைய காலைக் கேட்கவில்லை, கையைக் கேட்கவில்லை. தடியைக் கேட்டார்கள். அது அவனிடம் இருந்தது. மூன்று வருடமாக மனைவி கெஞ்சியும் மருத்துவர் மிரட்டியும் அசையாதவன், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினான். கீழே வந்ததும் அவனுடைய இடது கையைப் பிடிக்க இரண்டு வாண்டுகள் சண்டை போட்டன.

அவர்கள் பூங்காவுக்குள் நுழைந்தார்கள். பெற்றவர்கள் சட்டென்று மரங்களைப் பார்த்தார்கள், செருப்பைப் பார்த்தார்கள். கொஹரு பெட்டிமேல் ஏறினாள். அப்பாவைப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"இவருதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தவரு!" என்றாள், ஊருக்கே கேட்கும்படி.

பியானோ தொடங்கியது. தெத்சுரோ கண்ணை மூடிக்கொண்டு இடது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினான். திறந்தபோது முன்னால் நின்ற அத்தனை பிள்ளைகளும் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கியிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை, பிள்ளைகளுக்கு விளையாட்டு சிரிக்கிற விஷயமில்லை. பின்வரிசையில் ஒரு தாய் தூக்கினாள். அப்புறம் இன்னொருத்தி.

ரேடியோப் பெட்டியருகே மொரிவாகி-சான் நின்றார். தோள் பிடித்துக்கொண்டு சில வருடங்களாக அவரது வலது கை காதுக்கு மேல் போவதில்லை. யாருக்கும் தெரியாமல் சமாளித்து வந்தார். இப்போது அக்கம்பக்கம் பார்த்தார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்தார். தூக்கினார். இத்தனை வருடம் போகாத உயரத்துக்குக் கை போனது. "ஆ!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

குதிக்கிற இடம் வந்தது. தெத்சுரோ தடியை ஓங்கித் தட்டினான். டக். டக். பிள்ளைகள் குடைக்குப் பதில் காலால் தட்டினார்கள். பூங்காவே அவன் தாளத்துக்கு அதிர்ந்தது. கிரேனில் உட்கார்ந்து கப்பலின் பாதியைத் தூக்கிய நாளில்கூட அவனுக்கு இவ்வளவு பெருமை வந்ததில்லை.

முடிந்ததும் முத்திரைக்கு மேசை முன் வரிசை நின்றது. கொஹரு அப்பாவை வரிசையில் முதலில் தள்ளினாள். "எங்கப்பாவுக்கு!"

"அட்டை இல்லையேம்மா," என்றார் மொரிவாகி-சான். பழத்தைப் பார்த்துப் பேசிய மனிதர் இப்போது நேராக தெத்சுரோவின் முகத்தைப் பார்த்துப் பேசினார். "எங்க போடறது?"

தெத்சுரோ யோசித்தான். பிறகு, மூன்று வருடமாக ஊர் கண்ணில் படாமல் ஒளித்தே வைத்திருந்த இடது கையை வலது கையால் தூக்கி, மேசைமேல் விரித்து வைத்தான்.

"இதுல போடுங்க."