நாலு அங்குலம்

ஏரிக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் பகுதியில் டயாலிசிஸ் நோயாளிகளை வேனில் ஏற்றிப்போவது என் வேலை. அந்த ஜனவரி வெள்ளிக்கிழமை காலை, மறுநாள் பனிப்புயலுக்கான முன்னறிவிப்பில் மூன்று எண்கள் வந்தன: குறைந்தது நாலு அங்குலம், பெரும்பாலும் பதினாறு, மிஞ்சினால் முப்பது.

டிவிக்காரர்கள் முப்பதைப் பிடித்துக்கொண்டு அலறினார்கள். கடையில் ரொட்டி தீர்ந்தது. எங்கள் மேலாளர் க்ரெய்க் ஹாலிஸ்டர் நாலைப் பிடித்துக்கொண்டார்.

"போன தடவையும் இப்படித்தான் கத்துனானுங்க. நாளைக்கு வண்டி வழக்கம்போலப் போகும்."

"க்ரெய்க், நாலோட நிக்கறதுக்குப் பத்துல ஒரு வாய்ப்புதான்னு அதுலயே போட்டிருக்கு. காத்து தென்மேற்கா நின்னா மேட்டுப் பக்கம் பொதைஞ்சிடும்."

"நீ வண்டி ஓட்டு வெர்னா. வானிலைய நான் பாத்துக்கறேன்."

ஏரியிலிருந்து காற்று அள்ளிவரும் பனி ஒரு பட்டையாக விழும். அகலம் ஆறேழு மைல்தான். அதற்குள் மாட்டியவன் புதைவான், வெளியே நிற்பவன் வெயில் காய்வான். அலுவலகம் பள்ளத்தில். சனிக்கிழமை நோயாளிகளில் ஸ்டான் பர்டிக், யூனிஸ் லாஃப்ளின் இருவர் வீடும் மேட்டில்.

இருவருக்கும் ஒரு நாள் முன்னதாகவே டயாலிசிஸ் செய்ய முடியுமா என்று மருத்துவமனையில் கேட்டேன். அன்று பிற்பகலே இரண்டு படுக்கை காலி. ஸ்டான் உடனே கிளம்பிவிட்டார். யூனிஸ் மட்டும் அலுவலகத்துக்கு ஃபோன் போட்டுக் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னாள்.

"நாலு அங்குலந்தானாமே! டிரைவர் பேச்சக் கேட்டுப் பயப்படாதீங்கன்னு உங்க மேனேஜரே சொல்றாரு. நாளைக்கே வரேண்டி."

எவ்வளவோ கெஞ்சினேன். அவள் அசையவில்லை.

சனிக்கிழமை அலுவலக வாசலில் மூன்று அங்குலம் விழுந்தது. க்ரெய்க் ஜன்னலைக் காட்டிச் சிரித்தார். "எங்கேம்மா உன் பதினாறு?" அந்த நேரத்தில் மேட்டுச் சாலையை மூடிவிட்டார்கள். அங்கே இருபத்தெட்டு.

திங்கட்கிழமைதான் தீயணைப்புத் தொண்டர்கள் பனிவண்டியில் போய் யூனிஸைத் தூக்கி வந்தார்கள். வியாழக்கிழமைக்குப் பிறகு நாலு நாள் ரத்தம் சுத்தமாகவில்லை. முகம் ஊதி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. பிழைத்தாள். நல்லவேளை.

மாலையில் அவள் படுக்கையருகே உட்கார்ந்திருந்தேன். டிவியில் க்ரெய்க், புதுச் சட்டையோடு. "முன்னறிவிப்பைக் கவனமாப் படிச்சு, நோயாளிகளை ஒரு நாள் முன்னாடியே கொண்டுவர ஏற்பாடு பண்ணினோம்."

ஒலியைக் குறைக்க ரிமோட்டைத் தேடினேன்.

"நிறுத்துடி அதை," என்றாள் யூனிஸ். "நாலு நாள் விஷம் ஏறினப்பகூட இப்படிக் குமட்டல."

மாவட்ட அலுவலகத்துக்குப் புகார் எழுதினேன். "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரி பதில் வந்தது. வசந்தம் வந்துவிட்டது, க்ரெய்க் அதே நாற்காலியில். அவர் நீட்டும் பேனாவை வாங்கவே கை கூசுகிறது.

அந்த ஜனவரிக்குப் பிறகு வந்த இரண்டு புயல்களுக்கும் மேட்டில் இருப்பவர்களை நானே அழைத்து மூன்று எண்களையும் படித்துக் காட்டினேன். அலுவலகத்தைக் கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்கினேன்.