தெலெசோன் நிமிர்த்திய தரை

எங்கள் ஊரில் கோயில் வேலையை மேற்பார்க்கும் அதிகாரியைக் குடத்தில் கறுப்பு அவரைக்கொட்டைகளோடு ஒரு வெள்ளையும் போட்டுக் குலுக்கித்தான் எடுப்போம். வெள்ளைக் கொட்டை யார் கைக்கு வருகிறதோ அவன் அதிகாரி. அந்த வருடம் அது கருவாட்டுக் கடை தெலெசோன் கைக்கு வந்து தொலைத்தது.

அப்போலோன் சாமி கோயிலின் கல் தரையை மூன்று வருடம் இழைத்து அப்போதுதான் முடித்திருந்தேன். தூண் நிறுத்துவதுதான் பாக்கி. தெலெசோன் வந்தான். தொப்பியைத் தரையின் ஒரு கோடியில் வைத்தான். மறு கோடிக்குப் போய்க் குப்புறப் படுத்தான்.

"யோவ் லைகோனு! என் தொப்பி எங்கய்யா? நடுவுல மேடு கட்டி வச்சிருக்கே!"

"வேணும்னுதான் ஐயா. மட்டமா போட்டா, தூணும் கூரையும் ஏறினதும் நடுவுல தொய்ஞ்ச மாதிரி கண்ணுக்குத் தெரியும்."

"எனக்கே கதை விடறியா? சாமி பலிபீடத்தைப் பார்க்க வெளியே வரும்போது தடுக்கி விழுந்தா யாருய்யா பதில் சொல்றது? பத்து நாள்ல செதுக்கி மட்டமாக்கு. இல்லேன்னா சபையில சொல்லி உன்னை ஊரை விட்டே ஓட்டிடுவேன்."

முடியாது என்றால் வேறு எவனாவது உளியோடு வந்து என் தரையைக் கொத்திவிடுவான். "சரிங்க ஐயா" என்றேன்.

தரையைச் சுற்றி மறைப்பாகக் கப்பல் பாய்த்துணி கட்டினோம். பத்து நாளும் உள்ளே ஓரமாக உட்கார்ந்து வேண்டாத கற்களைத் தட்டித் தள்ளினோம். தூசி கருவாட்டுக் கடை வரை போனது. தரையில் ஒரு கீறல்கூட விழவில்லை.

பதினோராம் நாள் ஊரையே கூட்டி வைத்துத் துணியை அவிழ்த்தேன். தெலெசோன் தூர நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.

"அட, நூல் பிடிச்ச மாதிரி இருக்கே!"

அதோடு நின்றிருக்கலாம். சந்தேகம் வந்து, தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுக்கக் குனிந்தான்.

"ஐயா, என்ன காரியம் பண்றீங்க!" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினேன். "முகத்தைத் தரையில வைக்கிறது பாரசீகன் வேலை. அவன்தான் ராஜா முன்னாடி விழுந்து கிடப்பான். நாம கிரேக்கருங்க, சாமியையே நின்னுதானே கும்பிடறோம்!"

கூட்டத்தில் யாரோ, "வாய்யா பாரசீகா!" என்று குரல் கொடுத்தார்கள். ஊரே சிரித்தது. தெலெசோன் சட்டென்று நிமிர்ந்தான்.

"செருப்பு வாரைக் கட்டத்தான்யா குனிஞ்சேன்!"

அவன் காலில் செருப்பே இல்லை.

ஆனால் சபையில் தன் கண்ணின் கூர்மையைப் பற்றி வெகுநேரம் பேசினான். தன் பெயரைக் கல்லில் வெட்ட வேண்டும் என்றும் கேட்டு வாங்கிக்கொண்டான். அந்த வேலையை நான் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. தரையோடு சேர்ந்து வளைந்த முன்படியில், மேடு மிக உயர்ந்திருக்கும் இடமாகப் பார்த்து, ரசித்து ரசித்துச் செதுக்கினேன்: "கோணலாகக் கிடந்த தரையை மட்டமாக்கியவன் தெலெசோன்."